விவசாயியைக் கும்பிட்டது போதும்

வருஷா வருஷம் பொங்கல் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஏர் பிடித்த ஒரு பெரியவர், பின்னால் சூரியன், கீழே 'உழவனே தெய்வம்'. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என்னை மாதிரி ஏசி ரூமில் உட்கார்ந்து கோட் அடிக்கிற ஆசாமிகள்தான். எங்க தாத்தா ஒரு தடவை அந்தப் படத்தை என் போனில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தெய்வம்னா சரிலே, தெய்வத்துக்கு யூரியா யாரு வாங்கித் தருவா?"

தாத்தாவுக்குத் திருச்செந்தூருக்கு மேற்கே, குரும்பூர் பக்கம் மூணு ஏக்கர் நஞ்சை. ஒரு வருஷம் நெல், ஒரு வருஷம் வாழை. நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், புருஷனை இழந்த தங்கச்சி குடும்பத்தைக் கரையேற்றியதும் அதே மூணு ஏக்கரில்தான். 2024-ல் தவறிவிட்டார். துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னது, "ஊருக்காக வாழ்ந்த மனுஷன்". எனக்கு அந்த வார்த்தையில்தான் கொஞ்சம் உறுத்தல்.

எங்க பக்கத்து நிலவரம் தெரிந்தால்தான் இது புரியும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேருகிற தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கடைசி, ஸ்ரீவைகுண்டம். அதாவது மேலே ஏழு அணைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. அந்த மிச்சத்திலும் வாய்க்காலின் வால் பக்கம் எங்க ஊர். ஆற்றுக்கே கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடைமடைக்காரனுக்கு நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தாத்தா சொல்வார்: "மேல இருக்கவன் மனசு வச்சாதான் நமக்குத் தண்ணி. நமக்குக் கீழ இருக்கவன் மனசு கோணாம நாம விடணும். இதுல புண்ணியம் என்னல இருக்கு?"

பிசானத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால், புரட்டாசியில், வாய்க்காலில் அமலைச் செடி வெட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், இல்லையென்றால் ஆள் கூலி. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு கோடு போட்ட நோட்டில் தாத்தா எழுதி வைப்பார். இழவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் முறை கிடையாது. அவர்கள் வயலுக்கும் மற்றவர்களே தண்ணீர் பாய்ச்சி விடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு முறை வந்தாலும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு டார்ச் லைட்டோடு போவார். இதற்குச் சம்பளம் கிடையாது, பதவியும் கிடையாது.

அவரை மகான் ஆக்க நான் வரவில்லை. "ஊரு வாய்க்காலைப் பாத்த மனுசன், வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கான்னு ஒருநாளும் பாத்ததில்ல" என்று ஆச்சி இன்றைக்கும் சொல்வாள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நிலம் உள்ளவர்கள் பெயர்தான் இருக்கிறது. முதுகு ஒடிய நாற்று நட்ட பெண்கள் ஒருத்தர் பெயர்கூட இல்லை. அவர்களும் ஊர்தானே?

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தத்தளித்தபோதும், சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டிவியில் 'மனிதநேயம்' என்றார்கள். தாத்தா அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஊருக்குள்ள ஆளு பசியா கெடந்தா பொங்கிப் போடாம என்ன செய்வாங்க?" அவ்வளவுதான்.

அந்த வெள்ளத்தில் எங்க வாழை மொத்தமும் சாய்ந்தது. வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல். வாய்க்கால் கரையும் உடைந்து போனது. வயலுக்குச் சொந்தக்காரன் உண்டு, அவன் அழுதுகொண்டாவது மணலை அள்ளுவான். வாய்க்காலுக்கு யார்? எண்பது வயதைத் தாண்டிய தாத்தா நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர்கள் சென்னையிலும் துபாயிலும். அதில் ஒரு பூட்டு எங்களுடையது, அதாவது அப்பா கட்டிய வீடு.

திருவாரூர் மாவட்டத்து நெல் ஜெயராமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 டிசம்பரில் காலமானார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். அவருடைய நெல் திருவிழாவில் ரெண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போனால், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரணும். விதை பரவியதற்கு அந்த நிபந்தனைதான் காரணம் என்று நினைக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனால் ரெண்டு கிலோ ரெண்டு கிலோவோடு நின்றிருக்கும்.

என் கட்சி இதுதான். விவசாயியைத் தெய்வம் என்று சொல்வது, நாம் கொடுக்க வேண்டிய பாக்கியைச் சூடம் கொளுத்திக் கழிக்கிற வேலை. தாத்தா ஊருக்காகத் தியாகம் செய்யவில்லை. தன் முறையைச் செய்தார், நம் முறையையும் சேர்த்துச் செய்தார். தமிழ்நாட்டில் விவசாயிகளே நடத்தும் பாசன சங்கங்களுக்கு 2000-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிற நாம், வாய்க்காலுக்கென்று வருஷத்துக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம்? நான் கொடுத்தது சைபர்.

இப்போது சித்தப்பாக்கள் வயலை விற்கலாம் என்கிறார்கள். வாங்க வருகிறவர் பிளாட் போடுகிறவர். அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை, மணல் அள்ளிய செலவே இன்னும் கட்டி முடியவில்லை. ஆனால் எங்க வயல் பிளாட் ஆனால் அதற்குக் கீழே இருக்கிற பதினோரு வயலுக்கும் தண்ணீர் போகிற வழி அடைபடும். அப்பாவிடம் பேசினேன். எங்க பங்கு ஒரு ஏக்கர்கூட வராது, அதை விற்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. சித்தப்பாக்கள் கோபத்தில் இருக்கிறார்கள்.

குத்தகைக்காரர் அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "புரட்டாசிக்கு ஆளு வருமா, கூலி வருமா தம்பி?"

லீவு அப்ளை பண்ணியிருக்கிறேன். நோட்டில் என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்கி: ஊரில் நஞ்சை வைத்திருக்கிற வெளியூர் மக்கா, உங்க வாய்க்காலைக் கடைசியாக யார் வெட்டினார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பதிலைப் பின்னூட்டத்தில் சொன்னால் சந்தோஷம்.