சாக்கடைக்கு என்ன கட்சி?

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நல்ல விதிதான். ஆனால் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த விதத்தைப் பாருங்கள். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அதில் கட்சிச் சின்னம் இல்லை. ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். இவற்றில் கட்சிச் சின்னம் உண்டு. எல்லாம் ஒரே நாளில், ஒரே சாவடியில்!

பச்சைச் சீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர் இளஞ்சிவப்புக்கும் ஆள் காட்டாமலா போவார்? சின்னத்தை வாசலில் நிறுத்திவிட்டுக் கட்சியைக் கொல்லை வழியாக அழைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

'எங்கள் தெருச் சாக்கடையை யார் எடுப்பார்?' என்று கேட்பவனிடம் 'நீ எந்தப் பக்கம்?' என்கிறார்கள். எந்தப் பக்கமும் இல்லை என்றால் மதில்மேல் பூனையாம். மதிலின் இரண்டு பக்கமும் நாய் நின்றால் பூனை வேறெங்கே இருக்கும்?

தனித்து நிற்க நினைக்கும் நல்ல மனிதர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். இந்தச் சத்தத்தில் அவர்கள் குரல் எடுபடுவதில்லை. ஊராட்சித் தேர்தலை வேறொரு நாளில், தனியாக நடத்தட்டும். செலவு அதிகம் என்பார்கள். பிரசாரத்துக்குக் கட்சிகள் கொட்டும் பணத்தைப் பார்த்திருக்கிற நம்மிடமா அந்தச் சமாதானம்?