பிள்ளை வாய் திறந்த பிறகு யார் பொறுப்பு?

சாதியக் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: 'பயப்படாதே, ஆசிரியரிடம் சொல்.' நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் சொன்னான். சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் நின்றவன், காரணம் கேட்கப்பட்டபோது சொன்னான். புகார் பள்ளிக்குப் போனது. அதைத் தொடர்ந்து 2023 ஆகஸ்ட் 9 இரவு, உடன் படித்தவர்களே அரிவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

வளரிளம் பருவத்தினரின் மனநலத்தை ஆய்வு செய்கிறவள் நான். பயமும் ஆதரவும் தராசின் இரு தட்டுகள் என்றே எங்கள் துறை பெரும்பாலும் எண்ணுகிறது. பயம் கூடினால் தூக்கம் கெடும், படிப்பு தடைபடும். குடும்பம், நண்பர், ஆசிரியர் ஆதரவு இருந்தால் அந்தப் பாதிப்பு குறையும். உண்மைதான். ஆனால் சாதி இருக்கும் ஊரில் ஆதரவைத் தேடிப் போவதே ஆபத்தாகிவிடுகிறது. 'உன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறார்களா?' என்று நம் வினாத்தாள் கேட்கிறது. 'சொன்ன பிறகு பத்திரமாக வீடு போய்ச் சேருவாயா?' என்று கேட்பதில்லை.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417, 1098 எண்கள் இருக்கின்றன. இவை தேவைதான். ஆனால் பெட்டிக்குள் விழுந்த சீட்டு யார் கைக்குப் போகும், அவர் எந்தச் சாதிக்காரர், செய்தி தெருவுக்குக் கசியுமா என்பதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு முடிவதற்குள் அது வாயை மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்துக்கு 'கூச்ச சுபாவம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போகிறோம்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு தடையைப் பற்றித்தான் ஊடகங்கள் விவாதித்தன. பெரிய பள்ளிகளில் நலன் அலுவலரை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வு எழுதப் பேருந்தில் போன தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். பள்ளியின் சுற்றுச்சுவரோடு பாதுகாப்பு முடிந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. புகார் வந்த அன்றே அதன் வீட்டுக்கும் வழிப்பயணத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். தவறினால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். வன்முறையை வீரம் என்று கற்று வரும் ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளிடமும் பள்ளி பேசியாக வேண்டும்.

தோழர்களே, பிள்ளைகளுக்குத் துணிச்சல் ஊட்டுவது எளிது. அந்தத் துணிச்சலுக்கு அவர்கள் தங்கள் உடலால் விலை கொடுக்காமல் காப்பதுதான் நம் வேலை.