கேள்வி – பதில்: மஞ்சள் பூத்ததெல்லாம் கரிசாலையா?

'மாமியாருக்கு மஞ்சள் காமாலை. தெருவோரம் படர்ந்து கிடக்கும் மஞ்சள் பூக்கொடியைக் காட்டி, 'இதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி, அரைத்து மோரில் கொடு' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இலை மூன்று பிளவாக இருக்கிறது. கொடுக்கலாமா?'
– வாசகி, ஜெகதாப்பட்டினம்.

கொடுக்க வேண்டாம், சகோதரி. மூன்று பிளவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அது அழகுக்காக வளர்க்க வந்த அமெரிக்கக் கொடி. தோட்டத்தைத் தாண்டிப் பரவி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. சில நர்சரிகளிலேயே இதைக் கரிசாலை என்று கொடுத்துவிடுகிறார்கள்.

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் மஞ்சளாகப் பூக்கும், இரண்டும் கணுவில் வேர் விடும். இலையைப் பாருங்கள். அமெரிக்கக் கொடியின் இலை தடித்துப் பளபளக்கும். இரு பக்கமும் காது போலப் பிளவு இருக்கும். மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒடுங்கி, சொரசொரப்பாக, பிளவே இல்லாமல் இருக்கும். ஓரத்தில் லேசான பற்கள் ஒன்றிரண்டு தெரியலாம். கொடியின் சில இலைகளில் பிளவு மங்கலாக இருக்கும் என்பதால் ஓர் இலையோடு நிறுத்தாமல் கொடி முழுக்கப் பாருங்கள்.

வெள்ளைக் கரிசாலையிலும் இதே குழப்பம் உண்டு. வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து வந்து அதுவென்று நினைப்பார்கள். பூண்டின் பூ சாண் நீளக் காம்பின் நுனியில் தனியாக நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் நான்கைந்து வெளிர் இதழ்கள். இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். வறண்ட மேட்டிலும் வளரும். வெள்ளைக் கரிசாலை வரப்பு, வாய்க்கால் என ஈரத்தைத் தேடும். சின்ன வெள்ளைப் பூ, இலைக்குக் காம்பு இருக்காது. இலையை உள்ளங்கையில் கசக்கிச் சற்று நேரம் விடுங்கள், சாறு கறுத்துவிடும். பெயரே அதனால்தானே! சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததை மட்டும் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். காமாலை என்பது ஒரே நோயல்ல. கிருமியாலும் வரும், பித்தக்குழாய் அடைப்பாலும் வரும். எதனால் என்று தெரியாமல் எந்தப் பச்சிலையும் கொடுக்க வேண்டாம், அது நிஜக் கரிசாலையாகவே இருந்தாலும். மாமியாரை நாளைக் காலையிலேயே அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மயக்கமோ, பேச்சில் தடுமாற்றமோ, ரத்த வாந்தியோ இருந்தால் காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மூலிகை தர விரும்பினால், பரிசோதனை முடிவைச் சித்த மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். கொடியில் ஒரு துண்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பதில் கிடைத்துவிடும்.