உள்ள நிசப்தம், வெளிய ரணகளம்!

பெங்களூர்ல பொட்டி தட்டுற நம்ம சனங்க மத்தியில ஒரு வியாதி பரவிக் கெடக்குதுங்க. முதல்ல 'சும்மா சீறணும்'னு ஒரு ஸ்போர்ட்டி கார் வாங்குறது. ஆறே மாசத்துல 'உள்ள ஒரே எரைச்சலு மாப்ள'ன்னு ஜே.சி. ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, சீட்டெல்லாம் கழட்டி, கதவைப் பிரிச்சு, பல ஆயிரத்துக்கு டேம்பிங் ஷீட்டு ஒட்டிட்டு வர்றது. அப்பறம் பாக்குறவனையெல்லாம் கூப்பிட்டு, 'கதவைச் சாத்திப் பாரு... பென்ஸ் மாதிரி இல்ல?'ன்னு கேக்குறது.

ஒட்டுங்க சாமிகளா, வேணாங்கல. உங்க காசு, உங்க காரு. என் சண்டை ஷீட்டோட இல்லீங்க. உள்ள அமைதியக் காசு குடுத்து வாங்கிட்டு, வெளிய நிக்கிறவன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துறோம் பாருங்க, அந்த நியாயத்தோடதான் சண்டை.

முதல்ல அந்த ஷீட்டு என்ன பண்ணும்னு பார்த்துடலாம். ப்யூட்டைல் ரப்பர், அதுக்கு மேல அலுமினியத் தகடு. கதவோட இரும்புத் தகடு பறை மாதிரி அதிரும். ரப்பர் அந்த அதிர்வை வாங்கி வெப்பமா மாத்திடும். அதான் 'டொய்ங்'னு கேட்ட கதவு 'தொப்'புனு சாத்துது. இதுக்கு முழுத் தகட்டையும் மூடணும்னு அவசியமே இல்லை. நடுவுல, கால் பங்கு எடத்துல ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிடும். மிச்சமெல்லாம் கடைக்காரர் வீட்டு தீபாவளிக்கு :-) கதவுக்கு அடியில மழைத்தண்ணி வடியுற ஓட்டையையும் சேர்த்து ஒட்டி அடைச்சுட்டாங்கன்னா, ரெண்டு மழைக்காலத்துல துரு இலவசம்.

இன்னொரு கூத்து. சதுர மீட்டருக்கு ரெண்டு, மூணு கிலோ எடை. தரை, கதவு, டிக்கின்னு மொத்தமா ஒட்டினா இருபது, முப்பது கிலோ ஏறிடும். 2013ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயை 105 குதிரைசக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜின்னு கணக்குப் போட்டு வாங்கின அதே மனுசன், ஒன்னாவது படிக்கிற பையன் ஒருத்தனை நிரந்தரமா ஏத்திட்டுச் சுத்துறான். இது நம்மாளு மட்டும் பண்ற கூத்தும் இல்லை. 2011ல வந்த பிஎம்டபிள்யூ எம்5ல, உள்ள சத்தம் வராம நல்லா அடைச்சுட்டு, 'இஞ்சின் சத்தம் கேக்கலையே'ன்னு ஸ்பீக்கர் வழியா இஞ்சின் சத்தத்தைப் போட்டாங்க. காசு கொடுத்து ஊமையாக்கி, காசு கொடுத்தே பேச வைக்கிறது!

சரி, இந்த ஷீட்டு எங்க உதவும்? 40, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினா கார்ல பெரிய சத்தம் இஞ்சினோடது இல்லை, டயரோடது. அகலமான, பக்கச்சுவர் குட்டையான ஸ்போர்ட்டி டயர்னா இன்னும் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி, தொப்பூர் எறங்கி ஊருக்குப் போறோமில்ல, அங்க அஞ்சாறு மணி நேரம் அந்த 'ஹோ'ங்கற எரைச்சல் கொஞ்சம் கொறஞ்சா நல்லதுதான். பின்சீட்டுல கொழந்தை தூங்கும், அப்பத்தாவுக்குத் தலைவலி வராது. இதுக்கு ஒட்டுறவங்களை நான் ஒண்ணுமே சொல்லலை.

ஆனா மத்த அஞ்சு நாளு? டாம்டாம் கணக்குப்படி 2024ல பெங்களூர்ல 10 கி.மீ. போக சராசரியா 34 நிமிசம் 10 நொடி. மணிக்கு 18 கி.மீ.கூட இல்லை. இந்த வேகத்துல ஏதுங்க டயர் சத்தம்? நம்மளைக் கொல்றது ஹாரன். அது கதவுத் தகட்டு வழியா வர்றதைவிடக் கண்ணாடி வழியாத்தான் நல்லா வரும். கண்ணாடியில ஷீட்டு ஒட்ட முடியாதே! ஆக, எந்தச் சத்தத்துக்குப் பயந்து காசைக் கொட்டுறோமோ, அதை இந்த ஷீட்டு தடுக்கப் போறதில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்துற சுவிட்சு ஸ்டீயரிங்குக்கு நடுவுல, நம்ம கட்டைவிரலுக்குக் கீழதான் இருக்கு. ஒத்தைப் பைசா செலவில்லை.

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. உள்ள அமைதியாக ஆக, ஓட்டுறவனுக்குத் தன் ஹாரன் கொசு கத்துற மாதிரிதான் கேக்கும். 'கேக்கலை போல'ன்னு இன்னொரு அழுத்து. சட்டப்படி ஹாரன் 93லேர்ந்து 112 டெசிபல் வரைக்கும் இருக்கலாம். 2013 வாக்குல ஆடி கம்பெனியோட இந்தியத் தலைவரா இருந்தவரே சொன்னாரு: ஜெர்மன்காரர் ஒரு வருசத்துல அடிக்கிற ஹாரனை மும்பைக்காரர் ஒரே நாள்ல அடிக்கிறார், அதனால இந்தியாவுக்குன்னு தனியா ஹாரன் செய்ய வேண்டியிருக்குன்னு. உலகமே நம்மளுக்குன்னு தனி ஹாரன் செய்யுது, பெருமையா இருக்கா?

இதுல உச்சக்கட்டம் ஒரு கோஷ்டி இருக்கு. உள்ள ஷீட்டு, பின்னாடி கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு 'டமடம'ன்னு வெடிக்கிற குழாய். அதாவது சத்தம் அவுங்களுது, கேக்கறது அடுத்தவன். வீட்டுக் குப்பையக் கூட்டி எதுத்த வீட்டு வாசல்ல கொட்டுறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? 2019 திருத்தத்துல வந்த மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவு, தேவையில்லாம ஹாரன் அடிக்கிறவனையும் சைலன்சரைத் தவிர்த்துப் புகையை வெளியேத்துறவனையும் ஒரே கூண்டுலதான் நிறுத்துது. முதல் தடவை ஆயிரம், அடுத்த தடவை ரெண்டாயிரம்.

'எல்லாரும் அடிக்கிறாங்க, நான் மட்டும் நிறுத்தினா என்னாகப் போகுது?' இது முதல் கேள்வி. எல்லாரும்னா யாருங்க? அடுத்த காரை ஓட்டுறவரும் இதே கேள்வியத்தான் கேட்டுட்டு இருக்கார். மும்பை போலீசு ஒரு தடவை ஒரு வேலை பண்ணாங்க. சிக்னல்ல சத்தம் 85 டெசிபலைத் தாண்டினா சிவப்பு விளக்கு மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சுடும். பக்கத்து வண்டிக்காரர் மொறைக்க ஆரம்பிச்சதும் கை தானா எறங்குச்சு.

'ஹாரன் அடிக்கலைன்னா இந்த ஊர்ல ஓட்டவே முடியாது' இது ரெண்டாவது. ஆபத்துக்கு அடிங்க, யார் வேணாம்னா? சிவப்பு விளக்கு பச்சையாக மூணு நொடி இருக்கறப்ப அடிக்கிறது எந்த ஆபத்துக்குங்க? முன்னாடி நிக்கிற பஸ்ஸு பறந்தா போகும்?

ஓசூர் ரோட்டுல டெய்ரி சர்க்கிள் பக்கம் போறப்ப ரோட்டோரம் ஒரு நிமிசம் பாருங்க. நிமான்ஸ் இருக்கு, கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. 2000ம் வருசத்து ஒலி மாசு விதிகள்படி ஆஸ்பத்திரியச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா அறிவிக்கலாம். அங்க பகல்ல சராசரி 50 டெசிபல், ராத்திரி 40, அதுதான் எல்லை. உள்ள படுத்திருக்கறவங்கள்ல தர்மபுரியிலேர்ந்தும் சேலத்துலேர்ந்தும் வந்தவங்களும் உண்டு. நரம்புக் கோளாறோட ஒருத்தர், கீமோ ஏத்திட்டு வாந்தியோட ஒருத்தர். அவுங்க எந்தக் கடையில போயி ஷீட்டு ஒட்டுவாங்க? சிக்னல்ல எட்டு மணி நேரம் நிக்கிற போலீஸ்காரர் எங்க ஒட்டுவார்? கதவே இல்லாத ஆட்டோ ஓட்டுற அண்ணனுக்கு எங்க ஒட்டுறது?

பொழைக்க வந்த ஊருங்க இது. மொழி கத்துக்கலை, தண்ணியக் குடிச்சுட்டே தண்ணியப் பத்திச் சண்டை போடுறோம்னு நம்ம மேல ஆயிரம் குத்தம் சொல்லுவாங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிக்கிறதுக்கு மட்டும் எந்த மொழியிலயும் பதில் கெடையாது.

அதனால மக்களே, கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணே மூணு வேலை. டயர்ல காத்துச் சரியா இருக்கான்னு பாருங்க, தேஞ்ச டயரை மாத்துறப்ப சத்தம் கம்மியான டயராக் கேட்டு வாங்குங்க. கதவு ரப்பர் கிழிஞ்சிருந்தா அதை மாத்துங்க. வெடிக்கிற குழாயக் கழட்டி எறிஞ்சுட்டுக் கம்பெனி சைலன்சரையே மாட்டுங்க. அப்பறம் ஒரு வாரம் கட்டைவிரலைக் கட்டிப் போட்டு ஓட்டிப் பாருங்க. அதுக்கு மேலயும் எரைச்சல் தாங்கலையா, தாராளமாப் போயி ஷீட்டு ஒட்டிக்கங்க. கதவை நானே வந்து சாத்திப் பார்த்து, 'பென்ஸேதான்'னு சொல்றேன் :-)