எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சலா?

ஐப்பசியில் உப்பனாறு நிரம்பத் தொடங்கினால் கடலூர் சிப்காட் பக்கம் இந்தப் பேச்சும் கிளம்பிவிடும்: "எலிக்காய்ச்சல் எலி கடித்தால்தான் வரும். கடிபடாதவர் பயப்பட வேண்டாம்." விழிப்புணர்வுக் கூட்ட மேடைகளிலேயே இதை ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறேன். கேள்வி கேட்டால், எலிக்கடிக் காய்ச்சல் கிருமியும் இதுவும் சுருள் வடிவம்தான், ஒரே குடும்பம் என்பார்கள்.

ஒரே குடும்பம் இல்லை. எலிக்கடிக் காய்ச்சல் தரும் ஸ்பைரில்லம் மைனஸ் விறைத்த உடல் கொண்டது. நீந்த உதவும் கசையிழைகள் அதன் இரு முனைகளிலும் வெளியே நீண்டிருக்கும். எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைராவோ ஸ்பைரோகீட் இனம். உடல் நெளியும், இழைகள் வெளியுறைக்குள் அடங்கியிருக்கும். மேகநோய்க் கிருமி டிரெப்போனிமா இதன் உறவு. இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டரும் சுருள்தான், ஆனால் இந்த இனத்தில் சேராது. வடிவத்தை மட்டும் பார்த்தால் வல்லுநரும் தடுமாறுவார். பம்பாயில் பணியாற்றிய மருத்துவர் வாண்டைக் கார்ட்டர் 1882-இல் மீள்காய்ச்சலைப் பற்றி எழுதிய நூலுக்கு 'ஸ்பைரில்லம் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார். அந்தக் கிருமி இன்று பொரிலியா, அதாவது ஸ்பைரோகீட். 1887-இல் இந்திய எலியின் இரத்தத்தில் அவர் கண்டெழுதிய நுண்சுருளுக்குத்தான் ஸ்பைரில்லம் என்ற பெயர் நிலைத்தது.

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு முடிவதில்லை. லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீரோடு வெளியேறுகிறது. மாடு, நாய், பன்றி வழியாகவும் வரும். தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். காலில் ஒரு சிராய்ப்போ நீரில் ஊறிய தோலோ அதற்குப் போதும். கண் வழியாகவும் புகும். 1993 வெள்ளத்துக்குப் பின் மதுரையில் பலருக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வந்தபோது, லெப்டோஸ்பைராதான் காரணம் என்று அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டார்கள்.

இரண்டுக்கும் பென்சிலின் கேட்கும் என்பது உண்மை. தடுக்கும் வழி ஒன்றல்ல.

குடிகாட்டிலும் செம்மங்குப்பத்திலும் வடிகால் தூர்வாரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் கொடுங்கள். சிதம்பரம் பக்கம் சேற்றில் நடவு செய்பவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால், எலி கடித்ததா என்று யோசித்துக் காத்திருக்காதீர்கள். தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.