நிலைநிறுத்தியாச்சா? யாரு, எப்போ?

ராக்கெட் கிளம்பி இருபது நிமிஷம் ஆகியிருக்காது. டிவியில கீழ ஓடுது: 'செயற்கைக்கோள் சுற்றுவட்டப் பாதையில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது'. மறுநாள் பேப்பர்லயும் அதே வரி. நம்ம பதிவுலக மக்களும் அதையே வெட்டி ஒட்டி, கீழ ஒரு ஜெய்ஹிந்த் போட்டுடுறாங்க. எனக்கு அந்த 'நிலைநிறுத்தப்பட்டது'வைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

அந்த நேரத்துல உண்மையில என்ன நடக்குது? கிரையோஜெனிக் இஞ்சின் அணைஞ்சாச்சு. ராக்கெட்டையும் கோளையும் இறுக்கிப் பிடிச்சிருந்த உலோகப் பட்டையைச் சின்ன வெடிமருந்து வெட்டி விடுது. ஸ்ப்ரிங்குகள் கோளை மெல்லத் தள்ளுது. மெல்லன்னா, நாம நடக்கிற வேகம் கூட இருக்காது. ராக்கெட் வேலை அவ்ளோதான். கோள் இப்ப இருக்கிறது நீளமான முட்டை வடிவப் பாதையில. கிட்ட வந்தா 170 கி.மீ., எட்டப் போனா கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உச்சியில அதோட வேகம் நொடிக்கு சுமார் 1.6 கி.மீ. தான். பூமியோட சேர்ந்து சுத்தணும்னா 3.07 வேணும். பாதையோட சாய்வையும் நேராக்கணும். பாக்கி வேகத்தை யார் குடுப்பா? கோளுக்குள்ளயே இருக்கிற 440 நியூட்டன் இஞ்சின். நம்ம கணக்குல 45 கிலோ மூட்டையைத் தாங்குற பலம், தள்ள வேண்டியது டன் கணக்குல! அதனாலதான் உச்சிக்கு வரும்போதெல்லாம் தவணை தவணையா எரிக்கிறாங்க. கிளம்பும்போது கோளோட எடையில ஏறக்குறைய பாதி இதுக்கான எரிபொருள்தான்.

இஸ்ரோ அறிக்கையில 'மாற்றுப் பாதை'ன்னு தெளிவாத்தான் இருக்கும். அந்த 'மாற்று'வைத்தான் நம்ம ஆளுங்க முழுங்கிடுறாங்க.

ஒரு வார்த்தைக்கு இவ்ளோ அலட்டலான்னு கேப்பீங்க. ஜிசாட்-6ஏ ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 29 சாயங்காலம் ஜிஎஸ்எல்வி-எஃப்08 கிளம்புச்சு, பதினெட்டு நிமிஷத்துக்குள்ள கோள் பிரிஞ்சுது, கைதட்டல், வாழ்த்து, எல்லாம் முடிஞ்சுது. 30-ம் தேதி முதல் எரிப்பு, 36 நிமிஷம். 170-ல இருந்த கிட்டப் புள்ளி 5,000 கி.மீ.க்கு மேல ஏறிடுச்சு. 31 காலையில ரெண்டாவது, 53 நிமிஷம், அதுவும் சரியா எரிஞ்சுது. மூணாவதும் கடைசியுமான எரிப்பு ஏப்ரல் 1-ம் தேதி. அதுக்குத் தயாராகிட்டு இருக்கும்போதே தொடர்பு அறுந்துபோச்சு. 6 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரிய வேண்டிய ஆன்டெனா, மடிச்ச மடிப்பு கலையாமலே போச்சு. ஆனா ஊர் கணக்குல அது மூணு நாள் முன்னாடியே 'நிலைநிறுத்தப்பட்ட' கோள்!

2025 ஜனவரி 29-லயும் இதே கதை. ஸ்ரீஹரிகோட்டாவோட நூறாவது ஏவுதல், என்விஎஸ்-02. அது வழிகாட்டிக் கோள், ஆனா போற ரூட் இதேதான். நூறு நூறுன்னு கொண்டாடி முடிச்சோம். பிப்ரவரி 2-ம் தேதி இஸ்ரோ சொல்லுது, ஆக்சிஜனேற்றி வால்வு திறக்கலை, பாதையை உயர்த்த முடியலைன்னு. முதல் செய்தி பெரிய எழுத்துல வந்துச்சு. ரெண்டாவது எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

ராக்கெட்காரங்க ஜெயிச்சதைக் கொண்டாடக் கூடாதான்னு சண்டைக்கு வராதீங்க. 2010-ல ஒரே வருஷத்துல ரெண்டு ஜிஎஸ்எல்வி போச்சு, அந்த வலி எனக்கும் தெரியும். தாராளமா கைதட்டுங்க. ஆனா கர்நாடகாவுல ஹாசன் கட்டுப்பாட்டு மையத்துல ராத்திரி பகலா உக்காந்திருக்கிறவங்க வேலை அப்பதான் ஆரம்பிக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை ஏத்திட்டு கேக் வெட்டுறதைப் பார்த்தவன் நான். சனிக்கிழமை ராத்திரி முழிச்சிருக்கிறவனுக்குக் கேக் மிஞ்சினதே இல்ல.

இன்னொண்ணு. 6ஏ போன கையோட, பிரெஞ்சு கயானா வரைக்கும் போயிருந்த 5,854 கிலோ ஜிசாட்-11-ஐ மறுபடி சோதிக்கத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. அது கிளம்பினது டிசம்பர்ல. எட்டு மாசம்! இதைப் பத்தி எத்தனை பேர் பதிவு போட்டோம்? நான் போடலை, சத்தியமா.

அடுத்த தடவை கடைசி எரிப்பு முடிஞ்சு சேதி வந்த அன்னைக்குத்தான் என் பதிவு வரும். அதுக்குள்ள ஜெய்ஹிந்த் போடுறவங்க போட்டுக்கோங்கப்பா.