கிடங்கு நீரும் கிணற்று நீரும்

பூநகரிப் பிரதேசத்துப் பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழ்வதற்கென டோக்கியோ சீமெந்து நிறுவனம் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் நெடுநாள் போராடினர். 2024 ஏப்ரலில் அன்றைய கடற்றொழில் அமைச்சர் அங்கு சென்றபோது வழிமறித்து நின்றனர். இம்மக்களை முன்னேற்றத்தின் பகைவர் எனப் பேசுவோர் உளர். அவர்களுக்கு நாம் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் தொழிற்சாலைகளை வெறுப்பவரல்லோம். வீடு கட்டச் சீமெந்து வேண்டும். இளைஞருக்கு வேலை வேண்டும். ஆனால் ஒரு கூடை கல்லுக்கு எத்தனை குடம் தண்ணீர் விலை என்று கேட்பதும் முன்னேற்றத்தின் பாற்பட்டதே.

சுண்ணக்கல் வெறுங்கல் அன்று. வெடிப்பும் துவாரமும் நிறைந்த அக்கல்லே நம் கரையோர ஊர்களின் நீர்த்தொட்டி. மாரிமழை அதனுள் இறங்கித் தங்குகின்றது. அந்நன்னீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் நூறாண்டுகளுக்கு முன்னரே இதன் கணக்கை வகுத்தனர்: கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி தாழ்ந்தாலோ, காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடிவரை ஏறிவர இடமுண்டு. கல்லின் வெடிப்புகளுக்கேற்ப இக்கணக்கு கூடலாம், குறையலாம். ஆயினும் அதன் திசை மாறாது.

நீர்மட்டத்திற்குக் கீழே கிடங்கு வெட்டுவோர், அதன் அடி உலர்ந்திருக்க வேண்டுமாயின், ஊறும் நீரை ஓயாது இறைத்தாக வேண்டும். நிறுவனத்தின் கணக்கேட்டில் அது அகற்ற வேண்டிய நீர், அதற்கொரு செலவு. ஊராருக்கோ அது கிணற்று நீர். கிடங்கு இறைக்க இறைக்கக் கிணறு தாழும். கிணறு தாழத் தாழக் கடல் நெருங்கும். மொட்டைக்கறுப்பன் விளையும் பூநகரி மண்ணில் உவர் ஏறுமாயின், எந்த நட்டஈடு அதனைக் கழுவித் தரும்?

இது வீண் அச்சமன்று. நெய்வேலியைப் பாருங்கள். 1957இல் அங்கு சுரங்கம் வெட்டத் தொடங்கினர். நிலக்கரிப் படிவத்தின் அடியிலிருந்து ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்தியது. இரவு பகலாக அதனை இறைத்தே 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டனர். அது பொதுத்துறை நிறுவனம்; பல இலட்சம் வீடுகளுக்கு ஒளி தந்தது. மறுக்கவில்லை. ஆயினும் 2023 ஜூலையில், சுரங்கப் பகுதியின் நீரை வெளியேற்றும் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நீருக்கு வழிதேடும் சுமை இறுதியில் எவர் தலையில் விழுகின்றது என்பதை அவ்வயல்கள் காட்டின.

நம் வீட்டருகிலும் பாடம் உண்டு. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரினால் மூடப்பட்டது. ஆலை ஓய்ந்தது, கல்லெடுத்த கிடங்குகள் ஓயவில்லை. அவை இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. இலாபத்திற்கு ஆயுள் உண்டு, பள்ளத்திற்கு இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுவே. எத்தனை அடி ஆழம் வெட்டுவீர்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு நீர் இறைப்பீர்கள்? அதனை எங்கே விடுவீர்கள்? ஒரு கிணறு உவர்த்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? வேலை முடிந்தபின் கிடங்கை மூடுவோர் யார்? இவற்றிற்குரிய விடைகள் தமிழில், ஊர் மன்றில், அனைவர்க்கும் விளங்கும்படி வைக்கப்பட வேண்டும். விடையின்றி ஒரு மண்வெட்டியும் நிலத்தில் இறங்கக் கூடாது.

ஆசிரியர்களே, மாணவர்களே! நிபுணர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி போதும். மாரியிலும் கோடையிலும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். நீரின் சுவையையும் குறியுங்கள். நாளை எவரேனும் கிணறு முன்பே உவர்தான் என்று சொல்லத் துணிந்தால், அந்தக் கொப்பி அவர்முன் விரிக்கப்படட்டும்.